வளையலில் இல்லாத நூல்

கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களில் கம்பியக்காவிடம் திட்டு வாங்காதவர் என்று ஒருவரும் கிடையாது. சக்கரத்துக் கம்பிகளைத் தட்டிப் பார்த்து, தளர்ந்ததை முறுக்கி, கோணிப்போன சக்கரத்துக்குப் பெண்டு எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். சக்கரத்துக்கு மட்டுமா, ஓட்டி வந்தவனுக்கும் சேர்த்தே பெண்டு எடுத்து அனுப்புவாள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். பின்னால் எத்தனை மூட்டை ஏற்றினான், எந்தப் பள்ளத்தில் பிரேக் பிடிக்காமல் இறங்கினான் என்று கூடவே உட்கார்ந்து வந்த மாதிரி சொல்லிவிடுவாள். வந்தவன் தலையைச் சொறிவான். "சொறிஞ்சது போதும், அந்தப் பக்கம் போய் உக்காரு" என்பாள்.

கடை ஒன்று, ஆள் இரண்டு. தகரக் கொட்டகையின் இடது பாதி அவள் புருஷனுக்கு. அவர் டியூப்காரர். பஞ்சர் ஒட்டுவது, காற்று அடிப்பது, டயர் மாற்றுவது அவர் பாடு. வலது பாதி அவளுடையது. கல்யாணமான புதிதில் இரண்டு வேலையையும் அவரேதான் பார்த்தார். கால் திருகு திருப்ப வேண்டிய இடத்தில் முழுத் திருகு திருப்பி, வட்டமாக வந்த சக்கரத்தை முட்டை வடிவில் அனுப்பிவைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அவர் கையிலிருந்த ஸ்போக் சாவியை அவள் பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷமாக அந்தச் சாவி அவர் கைக்குத் திரும்பவில்லை. அவருக்கும் அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

அவள் வேலைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு சக்கரத்தில் முப்பத்தாறு கம்பி. வட்டத்துக்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது. இரண்டு சுற்று தட்டி முறுக்கிய பிறகு எங்கே ஆரம்பித்தோம் என்பது ஆண்டவனுக்கே மறந்துபோகும். அதனால் காற்றடிக்கும் வால்வை ஒட்டிய கம்பியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டுத்தான் சாவியைத் தொடுவாள். வேலை முடிந்து, கடைசியாக ஒரு முழுச் சுற்றும் தட்டிக் கேட்டபிறகே அந்த நூலை அவிழ்ப்பாள். அவிழ்த்தது இடது கை வளையலில் சுற்றிக்கொள்ளும். நூல் வளையலில் இருந்தால் வண்டி போகலாம். சக்கரத்தில் இருந்தால், கலெக்டரே வந்து கேட்டாலும் வண்டி அசையாது. கடைத்தெருவுக்கே தெரிந்த சங்கதி இது.

அன்றைக்குக் காலையில் ஸ்டாண்டில் நின்றது அவள் மகனுடைய வண்டி.

மகனும் மருமகளும் அன்று வெளியூர் போகிறார்கள். மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற பட்டறையில் வேலை பார்த்தவள் மருமகள். இரண்டரை மணி நேரத் தொலைவில் உள்ள பெரிய பட்டறை ஒன்றில் அவளை மேற்பார்வைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மகனுக்கும் அங்கேயே குளிர்பெட்டி பழுது பார்க்கும் வேலை கிடைத்துவிட்டது. ஒரு மாசம் இருந்து பார்க்கிறோம் என்றுதான் வீட்டில் பேச்சு. கம்பியக்காவும் ஒரு மாசம்தானே என்று மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

மருமகள் வந்து எட்டு மாசமாகிறது. நல்லதும் பேசமாட்டாள், கெட்டதும் பேசமாட்டாள். பட்டறைக்குக் கிளம்பும்போது துப்பட்டாவை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கடையின் கிரீஸ் டப்பாக்களைச் சுற்றிக்கொண்டு போவாள். "எண்ணெய் பட்டா கரைஞ்சுடுவா போல" என்று கம்பியக்கா புருஷனிடம் சொல்வாள். அவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதில் மும்முரமாகிவிடுவார். எட்டு மாசத்தில் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டதே இல்லை என்பது உண்மை. சண்டை போடுகிற அளவுக்குப் பேசிக்கொண்டதும் இல்லை என்பது அதைவிட உண்மை.

போன வாரம் மகன் ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கியிருந்தான். பின்சக்கரம் வலப்பக்கமாகக் கோணியிருந்தது. கம்பியக்கா நூலைக் கட்டினாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சாக்பீஸை ரிம் பக்கத்தில் பிடித்தாள். உரசிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்தில் வலப்பக்கத்துக் கம்பிகளைத் தளர்த்தி, இடப்பக்கத்துக் கம்பிகளை முறுக்கினால் ரிம் நடுவுக்கு வரும். வலப்பக்கத்தில் ஒன்பது கம்பியைத் தளர்த்தி முடித்திருந்தாள். இடப்பக்கம் திரும்புகிற நேரத்தில் மகன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலையும் பீரோவையும் அடுத்த வாரம் வேன் வைத்து எடுத்துக்கொள்கிறோம் என்று அப்பாவிடம் சொன்னான்.

ஒரு மாசம் இருந்து பார்க்கப் போகிறவர்களுக்குக் கட்டில் எதற்கு?

அதை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுகை வந்திருக்கும். கடைத்தெருவில் உட்கார்ந்து அழுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. சாவியைத் தகரப் பெட்டியில் போட்டாள், கையைத் துடைத்தாள், பின்னால் இருந்த வீட்டுக்குள் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். வெங்காயம் உரித்தால் கண்ணில் தண்ணீர் வருவதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். மருமகள் சமையலறை வாசல்வரை வந்து, "போயிட்டு வர்றோம் அத்தை" என்றாள். கம்பியக்கா திரும்பாமலே "ம்" என்றாள். கொஞ்ச நேரம் அந்தக் காலடி அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது. வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டபோது அவள் தேவைக்கு மேலே ஒரு கிலோ வெங்காயம் உரித்து வைத்திருந்தாள்.

பத்து மணிக்குப் பால்காரர் வந்தார். முன்சக்கரத்தில் ஏதோ கிணுகிணுவென்று சத்தம் வருகிறதாம். பால் கேன்களை இறக்கி வைத்துவிட்டு, வெயில் இப்படிக் காய்ந்தால் மத்தியானப் பால் திரிந்துவிடும் என்று பாடத் தொடங்கினார். கம்பியக்கா மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுதது தெரியாமல் முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தாள். சக்கரத்தைச் சுற்றி வால்வைக் கண்ணுக்கு நேரே நிறுத்தினாள். வலது கை பழக்கத்தில் தானாக இடது கை வளையலுக்குப் போனது.

வளையலில் நூல் இல்லை.

கீழே விழுந்திருக்கும் என்று மணையைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். தகரப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு வெள்ளைக் கோடு போட்ட ரிம்மும், வரிசையாகத் தளர்த்திய ஒன்பது கம்பியும் ஞாபகத்துக்கு வந்தன.  எழுந்து புருஷன் பக்கம் திரும்பினாள்.

"காலையில வண்டியை ஸ்டாண்டுலேருந்து யார் எடுத்தது?"

டியூப்காரர் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். "நான்தான். ஏன்?"

"நூல் இருந்துதா பாத்தீங்களா?"

அவர் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு சக்கரத்தைப் பாதியில் விட்டு எழுந்து அவர் பார்த்ததே இல்லை. அவள் எழுந்து போனால் வேலை முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். பையெல்லாம் இரண்டு பக்கமும் தொங்கியது; வால்வு மட்கார்டுக்குள்ளே மேலே போய் நின்றிருந்தது. நூல் இருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல அவள் மகனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. ராத்திரி கரண்ட் இல்லாததால் சார்ஜ் போடவில்லை என்று அவன் காலையில் புலம்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மருமகளுடைய எண் அவளிடம் இல்லை. எட்டு மாசமாக ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு எதற்குப் போன் செய்யப் போகிறோம் என்று வாங்கி வைக்கவே இல்லை. டியூப்காரர் தன் போனை எடுத்துக் கொஞ்சம் தள்ளி நின்று எதையோ தேடினார். அவள் எட்டிப் பார்த்தாள். திரையில் 'டியூப் ஹோல்சேல்' என்று இருந்தது.

"உசுரு போற நேரத்துல ஹோல்சேல்காரனை எதுக்குக் கூப்பிடறீங்க?"

அவர் மென்று விழுங்கினார். "அது ஹோல்சேல் இல்ல. மருமகப் பொண்ணு. நீ பாத்தா ஏதாவது நினைப்பேன்னு அப்படிப் போட்டு வச்சேன்."

ஹோல்சேல்காரன் ஏன் தினமும் மத்தியானம் சாப்பிட்டாச்சா என்று விசாரிக்கிறான் என்று அவளுக்கு இத்தனை நாளும் ஒரு சந்தேகம் இருந்தது. அதைப் பற்றி விசாரணை வைக்க இது நேரமில்லை. மணி அடித்து அடித்து நின்றது. ஓடுகிற வண்டியில், பைக்குள் இருக்கிற போன் யார் காதில் விழும்? அவர் ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். அவள் ஸ்போக் சாவியையும் சாக்பீஸையும் இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வாயெடுத்தபோது, பால்காரர் ஏற்கெனவே அவளுடைய மணையில் உட்கார்ந்திருந்தார். "பால் திரிஞ்சா திரியட்டும், நீங்க கிளம்புங்கக்கா" என்றார்.

ஊர் தாண்டியதும் சாலை நேராகப் போனது. இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட வயல். காற்று அடுப்பிலிருந்து வருகிற மாதிரி வந்தது. டியூப்காரருடைய ஸ்கூட்டர் நாற்பதுக்கு மேலே போனால் தானே ராஜினாமா செய்துவிடும். அன்றைக்கு என்னவோ ஐம்பதைத் தாண்டியும் ஓடியது. கம்பியக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சாலையோரம் பார்த்துக்கொண்டே வந்தாள். முப்பது கிலோமீட்டரில் ஒரு பெரிய இறக்கம் இருக்கிறது, கீழே ஆற்றுப் பாலம். தளர்ந்த கம்பி சும்மா இருக்காது. அதன் பாரத்தையும் பக்கத்துக் கம்பி சுமக்கும், அது சோர்ந்தால் அதற்கு அடுத்தது. இரண்டு ஆள், நாலு பை, இறக்கத்தில் ஒரு பிரேக். அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. நினைக்கக்கூடாது என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டாள்.

ஹோல்சேலுக்கு இன்னொரு தடவை அடித்துப் பாருங்கள் என்றாள். அவர் சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார், பிறகு மெதுவாக, காற்று மிஷின் மேலே வைத்துவிட்டு வந்துவிட்டேன் போல என்றார். வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே அவருக்குப் பெண்டு நிமிர்ந்திருக்கும். அன்றைக்கு அவளிடம் திட்டுவதற்குத் தெம்பு இல்லை.

சற்று நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. தெரியாத நம்பர். கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனிக்காரிகள்தான் இப்படிக் கூப்பிடுவார்கள் என்று எரிச்சலோடு துண்டித்தாள். இரண்டு நிமிஷத்தில் அதே நம்பர் மறுபடியும் அடித்தது. கட்டை விரலைப் பச்சைப் பொத்தான் மேலே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

கம்பெனிக்காரி இத்தனை சீக்கிரம் திரும்பக் கூப்பிடமாட்டாள். மகனுடைய போனில் சார்ஜ் இல்லை. இந்த நேரத்தில் தெரியாத ஆள் தன்னை எதற்குக் கூப்பிடுவான்? சாலையில் போகிற ஒருவன், கீழே கிடக்கிறவனிடம் யாருக்குச் சொல்லணும் என்று கேட்டு வாங்கின நம்பராக இருக்கும். எடுத்தால் அவன் சொல்லிவிடுவான். எடுக்காதவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. போன் அவள் கையில் துடித்துத் துடித்து அடங்கியது. மூன்றாவது முறையும் அடித்தது, நான்காவது முறையும் அடித்தது. அந்தப் பத்து எண்களையும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள், எடுக்கவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஓரிடத்தில் கூட்டம் தெரிந்தது. சாலையோரம் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாகக் குனிந்து நின்றார்கள். ஸ்கூட்டர் நிற்பதற்கு முன்பே அவள் இறங்கி, செருப்பு ஒரு பக்கம் போக, ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நடுவில் ஒரு டிராக்டர் லோடு தர்பூசணி. ஒருவன் ஒன்றைத் தட்டிப் பார்த்து, இது பழுக்கவில்லை என்று பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவள் அவனையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பழுத்ததுதான், எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தட்டுகிற சத்தத்தில் அவளுக்குத் தெரியாதது ஏது?

இறக்கம் தொடங்குவதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் லாரிகளுக்கான எடைமேடை இருந்தது. ஒரு சின்ன அறை, அதற்கு முன்னால் தகரப் பந்தல், பந்தலின் கீழே ஒரு பெஞ்சு. பெஞ்சின் ஒரு முனையில் அவள் மகன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுமுனையில் மருமகள். நடுவில் பாதி தின்ற ரொட்டி பாக்கெட். வண்டி ஸ்டாண்டில் நின்றது, பைகளெல்லாம் கீழே இறங்கியிருந்தன.

கம்பியக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் முதலில் வாய்க்குத்தான் வந்தது. இறங்கியதும் மகனைப் பிடித்தாள். சார்ஜ் இல்லாத போனை வைத்துக்கொண்டு எந்தக் கழுதை ஊருக்குக் கிளம்பும், கிளம்பும்போது சக்கரத்தைக் குனிந்து பார்க்கத் தெரியாதா, இரண்டு கண்ணும் எதற்கு இருக்கிறது என்று ஒரே மூச்சில் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவன் தோள், கை, முழங்கால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வண்டி நல்லாத்தான் ஓடுச்சு" என்றான் மகன். "இவதான் ஏறமாட்டேன்னு உக்காந்துட்டா. அரை மணி நேரமா இதே கதை."

பையைக் கட்டியிருந்த கயிறு நழுவியதால் இங்கே நிறுத்தினார்களாம். கயிற்றை இழுத்துக் கட்டக் குனிந்தவள் கண்ணில் சிவப்பு நூல் பட்டிருக்கிறது. வண்டி நின்ற நிலையில் வால்வு கீழே வந்து நின்றிருந்தது. அம்மா மறந்திருப்பாங்க, முடிச்சுட்டுத்தான் உள்ள போனாங்க என்று இவன் சொல்லிப் பார்த்தானாம். மெதுவாகவாவது போகலாம் என்று கெஞ்சினானாம். அவள் தலைகீழாக நின்றாலும் ஏறமாட்டேன் என்றுவிட்டாளாம்.

கம்பியக்கா மருமகளைப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

மருமகள் எழுந்து நின்றாள். "எது அத்தை?"

"நூல் சங்கதி."

"சமையல்கட்டு ஜன்னல்லேருந்து பாத்தா நீங்க வேலை செய்யறது தெரியும். தினமும் பாப்பேன்." பார்வை சக்கரத்துப் பக்கம் போனது. "நூலை நீங்க மறக்கமாட்டீங்க. நூல் இருந்தா வேலை முடியலைன்னுதானே அர்த்தம். அழுகை வந்து பாதியிலயே விட்டுட்டு உள்ள போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

அழுததும் தெரிந்திருக்கிறது.  எட்டு மாசமாகத் தன்னை ஒருத்தி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தான் பார்த்ததெல்லாம் அவள் துப்பட்டாவைத் தூக்கிப் பிடிப்பதைத்தான். அதற்கு மேலே அங்கே நின்றால் ஏதாவது ஆகிவிடும் என்று வண்டிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சக்கரத்தைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. தளர்த்தி வைத்த ஒன்பது கம்பியும் விரலால் அசைத்தால் அசைந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் மூன்று கம்பிகள் புதிதாகத் தளர்ந்திருந்தன. ஒன்று கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மகனைக் கூப்பிட்டு, அவன் விரலைப் பிடித்து அந்தக் கம்பியின் மேலே வைத்தாள். அவன் அசைத்துப் பார்த்தான். சாலை சரிந்து இறங்குகிற திசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு மனைவியின் பக்கம் போய், ரொட்டிப் பாக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்து, "சாப்பிடு" என்றான். அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

கம்பியக்கா வேலையை ஆரம்பித்தாள். டியூப்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட வந்தார். அவர் சுற்றினால் பம்பரம் மாதிரி சுற்றும், அதனால் அவரைத் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். "நான் பிடிக்கட்டுமா அத்தை?" என்று மருமகள் கேட்டாள். கேட்டுக்கொண்டே பக்கத்தில் குந்தினாள். துப்பட்டா மண்ணில் விழுந்தது, எடுத்துச் செருகிக்கொண்டாள். கம்பியக்கா சாக்பீஸைக் கொடுத்து, ரிம்மைத் தொடாமல், தொடுகிற மாதிரிப் பிடிக்கச் சொன்னாள். இதைச் சொன்னால் பாதிப் பேருக்குக் கை நடுங்கும், மீதிப் பேர் சாக்பீஸை ரிம்மில் தேய்த்துத் தீர்த்துவிடுவார்கள். மருமகளுடைய கை அசையவே இல்லை. தலைமுடி கனத்துக்கு இடம்விட்டு அப்படியே நின்றது. வில்லை தேய்க்கிற கை.

இடப்பக்கம் கால் திருகு, வலப்பக்கம் கால் திருகு. ஒரு லாரி எடைமேடையில் ஏறி, எடை போட்டு, இறங்கிப் போனது. எடைமேடைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, அந்த அம்மா மெக்கானிக்கா என்று டியூப்காரரைக் கேட்டார். ஆமாம், என் முதலாளி என்றார் அவர். மேற்கே ஒரு மேகம் ஏறி வெயிலை மறைத்தது. சக்கரம் மெல்ல மெல்ல ஆட்டத்தை விட்டது. கடைசியில் சாக்பீஸுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு முழுச் சுற்றும் மாறாமல் ஓடியது.

பிறகு தட்டிக் கேட்க வேண்டும். கம்பியக்கா நூலுக்கு அடுத்த கம்பியில் ஆரம்பித்து, சாவியின் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றும் 'டிங்' என்றது. முப்பத்தாறாவதைத் தட்டியதும் மருமகள் தயங்கினாள்.

"அத்தை, இது மட்டும் வேற மாதிரி கேக்குது."

கம்பியக்கா மறுபடியும் தட்டினாள். 'டொக்' என்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தச் சிரிப்போடு கழன்று வெளியே வந்தது. "அது நூல் கட்டின கம்பிடி. நூல் இருந்தா அப்படித்தான் கேக்கும். அவுத்துட்டுத் தட்டு."

மருமகள் முடிச்சை அவிழ்த்தாள். சாவியை வாங்கித் தட்டினாள். கம்பி மணி மாதிரி ஒலித்தது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கம்பியக்கா அந்த வீட்டில் எட்டு மாசமாகப் பார்த்ததில்லை. நூலை மருமகளே அவள் வளையலில் சுற்றிவிட்டாள், இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. எப்படிச் சுற்றுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பைகளைக் கட்டும்போது மருமகள் மெதுவாகக் கேட்டாள். "மாமாவுக்குக் கூப்பிட்டேன், எடுக்கல. உங்களுக்கும் நாலு தடவை கூப்பிட்டேன் அத்தை. கடை போர்டுல இருக்கற நம்பர்தானே?"

கம்பியக்காவின் கை கயிற்றிலேயே நின்றது. பொய் சொல்லலாம். ஸ்கூட்டர் சத்தத்தில் காதில் விழவில்லை என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. அவளுக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

"கேட்டுச்சு. வேணும்னுதான் எடுக்கல. தெரியாத நம்பர்... எவனாவது எதையாவது சொல்லிடுவானோன்னு பயந்துட்டேன்."

 மருமகள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு, "நானா இருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன்" என்றாள்.

கட்டிலைப் பற்றிக் கம்பியக்காவேதான் பேச்சை எடுத்தாள். அடுத்த வாரம் வேன் வந்தால் தானே நின்று கழற்றிக் கொடுப்பதாகவும், போல்ட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கட்டிலின் காலோடு கட்டி அனுப்புவதாகவும், இவர்கள் கழற்றினால் பாதியைத் தொலைத்துவிடுவார்கள் என்றும் சொன்னாள். மகன் அப்பாவைப் பார்த்தான். அப்பா வானத்தைப் பார்த்தார். மனசு வலிக்காமல் இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருந்த வலிக்கு முன் இதெல்லாம் ஒரு வலியா என்று அவளுக்குத் தோன்றியது. அவர்கள் கிளம்பினார்கள். இறக்கத்தில் வண்டி சின்னதாகி, பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் போய் மறைகிறவரைக்கும் அவள் நின்று பார்த்தாள்.

வீடு திரும்பும்போது பால்காரர் இரண்டு பஞ்சருக்கு ஆள் சேர்த்து உட்கார வைத்திருந்தார். பாலும் திரியவில்லை. மருமகள் காலையில் மூடி வைத்துவிட்டுப் போயிருந்த சோற்றை இருவரும் சாப்பிட்டார்கள். உரித்த வெங்காயத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நாலு மணிக்குத் தூறல் விழுந்தது, தகரக் கூரை சடசடத்தது, தெருவிலிருந்து புழுதி வாசனை வந்தது. பால்காரருடைய சக்கரத்தைச் சுற்றிவிட்டு நூலைக் கட்டியபோது போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"வந்து சேந்துட்டோம் அத்தை."

"சக்கரம் ஏதாவது சத்தம் போட்டுச்சா?"

"இல்ல. கேட்டுக்கிட்டேதான் வந்தேன்."

 அங்கே மழை இல்லை என்றாள் மருமகள், இங்கே தூறுகிறது என்றாள் இவள். போனை வைத்ததும் டியூப்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, பேரைப் போட்டு ஏற்றித் தருவதாகச் சொன்னார். ஹோல்சேல் என்று போடமாட்டேன் என்று அசடு வழிந்தார்.

"பேரெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் கம்பியக்கா. பத்து எண்களையும் ஒன்றுகூடத் தவறாமல், நிறுத்தி நிறுத்தி அவரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த கம்பியைத் தட்டினாள்.